மகளின் கல்யாண ஓலையை என் சபையில் யார் வாசிப்பார்கள்?

காப்பிப்பூ | ஏற்காடு | ஞாயிறு, இரவு 9.15

என் மகள் வரும் ஜூன் மாதம் இங்கிலாந்தில் ஒரு தேவாலயத்தில் திருமணம் செய்துகொள்ளப் போகிறாள். அவள் மணக்கப்போவது ஒரு பெண்ணை. இந்த இரண்டு வாக்கியங்களை எழுத எனக்கு நான்கு மாதங்கள் ஆகியிருக்கின்றன.

எனக்கு வயது 63. முப்பது ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். தென்னிந்தியத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றேன், அங்கேயே திடப்படுத்தல், அங்கேயே கல்யாணம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் கணவரை அடக்கம் செய்ததும் அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான். ஒரே மகள். செவிலியராக இங்கிலாந்து போனவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

அவள் ஒரு பெண்ணோடு வாழ்கிறாள் என்பது ஆறு ஆண்டுகளாகத் தெரியும். முதல் இரண்டு ஆண்டுகள் அவளோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சை அறுக்கிறது. பிறகு மெல்ல மெல்லப் பேச்சு வந்தது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொள்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கோவிலில், ஆயர் முன்னிலையில், வேதம் வாசித்துப் பாட்டுப் பாடி நடக்கும் என்று அவள் சொன்னபோது என் தூக்கம் போயிற்று. எந்தச் சபை இப்படிச் செய்கிறது என்று கேட்டேன். "ஐக்கிய சீர்திருத்தத் திருச்சபை. நம் சேலத்துக்கு மிஷனரிகளை அனுப்பியவர்களின் சபைதான் அம்மா" என்றாள். நான் நம்பவில்லை.

என் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஓலை, அதாவது யார் யாரை மணக்கப்போகிறார்கள் என்ற அறிவிப்பு, ஆராதனையில் வாசித்தார்கள். மூன்று வாரமும் என் அப்பா சலவைச் சட்டையோடு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார், என் பெயரைக் கேட்பதற்காகவே. என் மகளின் பெயர் என் சபையில் அப்படி வாசிக்கப்படாது. அது எனக்குத் தெரியும். நான் கேட்க வந்தது வேறு. அந்தச் சபைகள் விசுவாசத்தோடு யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தனவா, இல்லை உலகத்துக்குத் தலையாட்டிவிட்டனவா? இராப்போஜனம் எடுக்கிற நான் அங்கே போய் முதல் வரிசையில் உட்காரலாமா?

பாமாலை | சேலம் | ஞாயிறு, இரவு 10.40

சகோதரி, உங்கள் வேதனை புரிகிறது. ஒரே பிள்ளையை வெகுதூரம் அனுப்பிவிட்டு மலைமேல் தனியாக இருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

மகளைப் பார்க்கப் போங்கள். அவளோடு சாப்பிடுங்கள், அவள் வீட்டில் தங்குங்கள். ஆனால் அந்த ஆராதனையில் உட்காராதீர்கள். திருமணம் என்பது ஆணும் பெண்ணுமாக மனிதரைப் படைத்தவர் ஏற்படுத்தின ஒழுங்கு. ஆதியாகமம் அப்படிச் சொல்கிறது, மத்தேயு 19இல் ஆண்டவரும் அதையே எடுத்துச் சொல்கிறார். சபை கூடி ஓட்டுப் போட்டு அதை மாற்ற முடியாது.

இன்னொன்று. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் நம் திருச்சபை உருவானது, நம் காலில் நாம் நிற்பதற்காக. நம்மை அனுப்பியவர்கள் இன்று மாறிவிட்டார்கள் என்றால் நாமும் அவர்கள் பின்னால் ஓட வேண்டுமா? நாற்பது ஆண்டுகளாகப் பாடகர் குழுவில் நிற்கிறவன் நான். அவர்கள் கொண்டுவந்த பாட்டுகளைப் பாடுகிறேன். அவர்கள் இன்று எழுதும் தீர்மானங்களைப் பாட என்னால் இயலாது.

இறையியல் மாணவி | ஆத்தூர், இப்போது பெங்களூர் | திங்கள், காலை 6.20

அம்மா, உங்கள் மகள் சொன்னது உண்மை.

இலண்டன் மிஷனரி சங்கம் 1795இல் தொடங்கியது. அதன் ஊழியம் சேலத்தில் 1827இல் ஹென்றி கிறிஸ்ப் என்பவரோடு ஆரம்பமானது. அந்தச் சங்கத்தைக் காசு கொடுத்தும் ஆள் கொடுத்தும் தாங்கியவை பெரும்பாலும் இங்கிலாந்தின் காங்கிரிகேஷனல் சபைகள். இங்கே அவர்கள் நட்டது 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் சேர்ந்தது. அங்கே இங்கிலாந்தில் அதே காங்கிரிகேஷனல் சபைகள் பிரெஸ்பிட்டேரியன் சபையோடு இணைந்து 1972இல் ஐக்கிய சீர்திருத்தத் திருச்சபை ஆயின. உங்கள் சபைக்கும் உங்கள் மகள் மணமுடிக்கப்போகும் சபைக்கும் வேர் ஒன்று.

அவர்கள் ஒரே நாளில் முடிவெடுக்கவில்லை. பல ஆண்டுகள் பேசினார்கள். 2016 ஜூலையில் அவர்களுடைய பொதுப்பேரவை 240க்கு 21 என்ற வாக்கில், விரும்புகிற உள்ளூர்ச் சபைகள் தன்பாலினத் திருமணம் நடத்தலாம் என்று முடிவு செய்தது. "விரும்புகிற" என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு சபையும் தன் உறுப்பினர்களைக் கூட்டி, பேசி, ஜெபித்து, தன் ஆலயத்தை அதற்காகப் பதிவு செய்ய வேண்டும். செய்யாத சபைகளும் உண்டு, அவற்றை யாரும் வற்புறுத்துவதில்லை. உங்கள் மகளுடைய சபையில் வயதான தாத்தாக்களும் பாட்டிகளும் உட்கார்ந்து கைதூக்கியிருப்பார்கள். அவள் பெயரை ஒருவர் இருவர் அல்ல, ஒரு சபையே ஏற்றிருக்கிறது.

நம் திருச்சபையின் மற்ற வேர்களையும் பாருங்கள். பிரிட்டன் மெதடிஸ்டுகள் 2021 ஜூன் 30 அன்று 254க்கு 46 என்ற வாக்கில் ஒப்புக்கொண்டார்கள். ஸ்காட்லாந்துத் திருச்சபை 2022 மே மாதம் 274க்கு 136 என்ற வாக்கில் ஒப்புக்கொண்டது. இந்த இரண்டு இடங்களிலும் மனசாட்சி இடம்கொடுக்காத போதகர் நடத்தத் தேவையில்லை. இங்கிலாந்துத் திருச்சபை மட்டும் அவ்வளவு தூரம் போகவில்லை. 2023 டிசம்பரிலிருந்து வழக்கமான ஆராதனையில் அந்தத் தம்பதிகளுக்காக ஆசீர்வாத ஜெபம் சொல்கிறார்கள், திருமணம் நடத்துவதில்லை. 1947இல் ஒன்றுசேர்ந்த மரபுகளில் ஏறக்குறைய எல்லாமே அவற்றின் சொந்த ஊரில் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துவிட்டன. நாம் மட்டும்தான் வாயே திறக்காமல் இருக்கிறோம்.

பாமாலை ஐயாவுக்கு ஒரு வார்த்தை. வெள்ளைக்காரர் பின்னால் ஓட வேண்டாம் என்பது எனக்கும் சம்மதம். ஆனால் தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவும் 1860இல் அதே வெள்ளைக்காரர் எழுதிய தண்டனைச் சட்டத்தில்தான் இருந்தது. அவர்களே தங்கள் நாட்டில் அதைக் கைவிட்ட பிறகும் நாம் 2018 வரை சுமந்தோம்.

அஸ்தம்பட்டி | சேலம் | திங்கள், பிற்பகல் 1.05

வேதத்தை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் நீதிமன்றத்தில் தலை நரைத்தவன், சட்டம் எங்கே நிற்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

2018 செப்டம்பர் 6 முதல் வயது வந்த இருவரின் மனமொத்த உறவு இந்தியாவில் குற்றமல்ல. ஆனால் 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும், திருமணம் செய்துகொள்ளும் அடிப்படை உரிமை அரசியலமைப்பில் இல்லை என்றார்கள். திருமணம் இல்லாவிட்டாலும் இணைந்து வாழ்வதற்குச் சட்ட அங்கீகாரம் வேண்டும் என்று தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும் சொன்னார்கள். மற்ற மூவர் மறுத்தார்கள். 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுக்களும் தள்ளுபடி ஆயின. ஆகவே உங்கள் மகளின் திருமணம் இங்கிலாந்தில் முழுத் திருமணம், சேலம் ரயில் நிலையத்தில் இறங்கினால் இருவரும் சட்டத்தின் கண்ணில் தோழிகள்.

இங்கே உங்கள் ஆயர் அதை நடத்தி வைக்கவும் முடியாது. கிறிஸ்தவத் திருமணங்கள் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவாகின்றன, அந்தச் சட்டம் ஆண், பெண் என்றே பேசுகிறது. அதே சமயம், அவர்களுக்காக ஒரு வீட்டில் கூடி ஜெபம் செய்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பதிவேட்டில் எழுதாத வரை அது ஜெபம், அவ்வளவுதான்.

கேட்காவிட்டாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஏற்காட்டில் வீடோ நிலமோ இருந்தால் உயில் எழுதிவிடுங்கள், மகளையும் எழுதச் சொல்லுங்கள். கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாமல் மகளுக்கு ஏதாவது ஆனால், இந்தியாவில் அவள் பெயரில் உள்ள வீடு, நிலத்தில் அவளுடைய துணைக்கு ஒரு பைசா வராது. நான் பார்த்த குடும்பச் சண்டைகளில் பாதி எழுதாத காகிதத்தால் வந்தவை.

நம் உயர் நீதிமன்றம் சில விஷயங்களில் முன்னால் நடக்கிறது. 2021 ஜூன் மாதம் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலின ஈர்ப்பை "குணப்படுத்துகிறோம்" என்று செய்யும் சிகிச்சைகளைத் தடை செய்தார். தீர்ப்பு எழுதுவதற்கு முன் தாமே ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார் என்பதை அந்த ஆணையிலேயே எழுதியிருக்கிறார். 2025 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு, குடும்பம் அமைப்பதற்குத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்று சொன்னது.

நான்கு ரோடு | சேலம் | திங்கள், மாலை 7.30

நான் கத்தோலிக்கன். எங்கள் பங்கில் மறைக்கல்வி கற்பிக்கிறேன். எங்கள் பக்கம் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று பலர் தவறாகப் புரிந்துகொள்வதால் எழுதுகிறேன்.

2021 மார்ச்சில் வத்திக்கான், தன்பாலின இணைகளுக்கு ஆசி வழங்க முடியாது என்றது. 2023 டிசம்பர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் ஒப்புதலோடு வந்த அறிக்கை, ஆசி கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்றது. ஆனால் அது வழிபாட்டுச் சடங்காக இருக்கக் கூடாது, பதிவுத் திருமணத்தோடு சேர்த்து வழங்கக் கூடாது, மணக்கோலத்தில் வரக் கூடாது. சில வாரங்கள் கழித்து வந்த விளக்கத்தில் பத்துப் பதினைந்து நொடிகளில் சொல்லும் ஜெபம் என்றே எழுதினார்கள். திருமணம் என்ற திருவருட்சாதனம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டுமே என்பதில் மாற்றம் இல்லை. அந்தப் பதினைந்து நொடியையும் ஆப்பிரிக்க ஆயர்கள் (நீங்கள் பேராயர் என்று சொல்பவர்கள்) ஏற்கவில்லை. கேரளத்தின் சீரோ மலபார் திருச்சபை, 2023 தீர்ப்பின்போது ஒன்றிய அரசின் பக்கமே நின்றது.

இது போதுமா என்று என்னைக் கேட்டால், போதாது. என் அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் ஜெபக்குழு) ஒரு தாய், மகனுக்காக மன்றாட்டு எழுதித் தருவார், பெயர் மட்டும் எழுத மாட்டார். "ஒரு குடும்பத்தின் கருத்துக்காக" என்று வாசிப்போம். ஏற்காட்டு அம்மா எழுதியதைப் படித்த பிறகு இன்று அந்தத் தாயின் முகம்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

பாமாலை | சேலம் | திங்கள், இரவு 9.50

மாணவி எண்ணிக்கைகளை அடுக்கியிருக்கிறார். எனக்கும் கொஞ்சம் எண்ணிக்கை தெரியும். அமெரிக்காவின் ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபையில் இந்த ஒரு கேள்வியால் 2019 முதல் 2023க்குள் சுமார் 7,600 சபைகள் வெளியேறின. கால்வாசி. அவர்கள் 2024 மே மாதம் தடைகளை நீக்கியபோது எதிர்ப்பதற்கு ஆள் குறைவாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2023 பிப்ரவரியில் தெற்கு நாடுகளின் ஆங்கிலிக்கன் பேராயர்கள் பலர், கேன்டர்பரி பேராயரை இனித் தலைவராக ஏற்க மாட்டோம் என்றார்கள். இதுதான் கனியா?

நம் சபைகள் ஏற்கெனவே சொத்து வழக்கிலும் தேர்தல் சண்டையிலும் கிழிந்து கிடக்கின்றன. இன்னொரு கிழிசலை என்னால் பார்க்க முடியாது.

வேதத்தில் தன்பாலின உறவைக் கண்டிக்கும் இடங்களுக்கு வருகிறேன். லேவியராகமம் 18, ரோமர் 1, முதலாம் கொரிந்தியர் 6. இந்த மூன்றையும் தாண்டாமல் யாரும் அந்தப் பக்கம் போக முடியாது. நான் யாரையும் வெறுக்கிறவன் அல்ல. எழுதியிருப்பதை எழுதியிருப்பதாகப் படிக்கிறவன்.

இறையியல் மாணவி | பெங்களூர் | செவ்வாய், காலை 7.10

ஐயா, அந்த மூன்றையும் நானும் தாண்டிப் போகவில்லை. அவற்றோடு இரண்டு ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன்.

முதலாம் கொரிந்தியர் 6:9ஐ நம் பழைய தமிழ் வேதாகமத்தில் எடுத்துப் பாருங்கள். "சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்" என்று இருக்கிறது. முதல் சொல்லுக்குக் கிரேக்கத்தில் மலாக்கோய். அதன் நேர்ப்பொருள் மென்மையானவர்கள். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு அதைப் பெண்தன்மை உள்ளவர்கள் என்று எழுதியது. நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் முற்றிலும் வேறு ஒரு பாவமாக எழுதினார்கள். ஒரே சொல், கைமாறும்போதெல்லாம் பொருள் மாறுகிறது. "எழுதியிருப்பதை" நாம் படிக்கும்போது, யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்த சொல்லைத்தான் படிக்கிறோம்.

இரண்டாவது சொல் அர்செனொகோய்தாய். பவுலுக்கு முன் அதை எழுதிய யாரும் நமக்குக் கிடைக்கவில்லை. லேவியராகமத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில் உள்ள இரண்டு சொற்களை ஒட்டி வந்திருக்கலாம் என்பது உங்கள் வாதத்துக்கு வலுச் சேர்க்கும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பவுல் வாழ்ந்த ரோம உலகில் அவர் கண்முன் இருந்தது என்ன? எஜமான் அடிமையைப் பயன்படுத்தியது, பெரியவர் சிறுவனைப் பயன்படுத்தியது, விலைக்கு வாங்கியது. சம வயதுள்ள இருவர், "சாவு பிரிக்கும் வரை" என்று சபை முன் உடன்படிக்கை செய்வதை அவர் மனதில் வைத்து எழுதினார் என்று என்னால் நம்ப முடியவில்லை. இங்கேதான் நீங்களும் நானும் பிரிகிறோம். இந்தச் சபைகளும் வேதத்தைத் தூக்கி எறியவில்லை. இந்த இடத்தில் அவை வேறு விதமாகப் படித்தன.

தன்பாலின உறவுக்காக அழிந்ததாகச் சொல்லப்படும் சோதோம் நகரத்தைப் பற்றி எசேக்கியேல் 16:49 என்ன சொல்கிறது என்று பாருங்கள். கர்வம், வயிறு நிறைந்த செழிப்பு, ஏழையின் கையைப் பிடிக்காத நெஞ்சு. எந்தப் பிரசங்கத்திலும் இந்த வசனத்தை நான் கேட்டதில்லை.

அப்போஸ்தலர் 8இல் பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்த எத்தியோப்பியரை நம் பழைய மொழிபெயர்ப்பு மந்திரி என்கிறது. மூலத்தில் அவர் விதையடிக்கப்பட்டவர். உபாகமம் 23இன்படி அவர் கர்த்தருடைய சபைக்கு உட்படக் கூடாதவர். "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?" என்று அவர் கேட்டபோது, பிலிப்புக்குக் காட்டுவதற்கு வசனம் இருந்தது. காட்டவில்லை. இரதத்திலிருந்து இறங்கித் தண்ணீருக்குள் போனார். அடுத்த அதிகாரங்களில் பேதுருவும் அப்படித்தான், யூதர் நுழையக் கூடாத புறஜாதியாரான கொர்நேலியுவின் வீட்டுக்குள் போகிறார். சபை முதலில் மனிதரைப் பார்த்தது, பிறகு வசனத்தைத் திரும்பப் படித்தது.

பிளவைப் பற்றிச் சொன்னீர்கள். 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே விட்டுவிட வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஏராளமானோர் சபையை விட்டு வெளியேறினார்கள். தனிக் கிண்ணம், தனி வரிசை இல்லாமல் பந்திக்கு வர முடியாது என்றவர்கள் அவர்கள். அன்று ஒற்றுமைக்காக அவர் வாயை மூடியிருந்தால், என் கொள்ளுப்பாட்டி எந்த வரிசையில் உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். கோவிலுக்குப் பின்னால், தரையில்.

சூரமங்கலம் | சேலம் | செவ்வாய், இரவு 11.30

இரண்டு நாளாகப் படிக்கிறேன். எழுதுவதா வேண்டாமா என்று கை நடுங்குகிறது.

நான் தன்பாலீர்ப்பு உள்ள ஆண். வயது 27. ஞாயிறு பள்ளியில் வசனப் போட்டியில் ஒவ்வோர் ஆண்டும் பரிசு வாங்கியவன். பதினேழு வயதில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒரு ஜெப வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூன்று நாள் தண்ணீர்கூட இல்லாமல் உபவாசம். மூன்றாம் நாள் என் தலையைப் பிடித்து அழுத்திக்கொண்டு, "வெளியே வா" என்று எனக்குள் இருக்கும் எதையோ பார்த்துக் கத்தினார்கள். எனக்குள் நான் மட்டும்தான் இருந்தேன். அவர்கள் வெளியே வரச் சொன்னது என்னை.

வீட்டுக்கு வந்து, "போய்விட்டது அம்மா" என்று பொய் சொன்னேன். அம்மா சாட்சி சொன்னார்கள். சபை கைதட்டியது. அதற்குப் பிறகு என் வாயில் எந்த வசனமும் வரவில்லை. இப்போது கோவிலுக்கு வெளியே பைக்கை நிறுத்திவிட்டுப் பாட்டு முடியும் வரை கேட்டுவிட்டுப் போய்விடுவேன். 1990இலேயே உலக சுகாதார நிறுவனம் இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நான் பிறப்பதற்கு முன்பே. அது அன்று அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை.

பேராயர் டெஸ்மண்ட் டுட்டு 2013இல் ஒன்று சொன்னார்: தன்பாலினத்தாரை வெறுக்கிற பரலோகம் என்றால் எனக்கு அது வேண்டாம், மற்ற இடத்துக்கே போகிறேன் என்று. நிறவெறியை எதிர்த்தபோது இருந்த அதே தீவிரம் இதிலும் எனக்கு உண்டு என்றார். அதன்பிறகு அவர் வீட்டிலேயே அது வந்தது. குருவாக இருந்த அவர் மகள் ஒரு பெண்ணை மணந்தார். அதனால் 2016இல் தென்னாப்பிரிக்க ஆங்கிலிக்கன் சபையில் தன் ஊழிய உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. டுட்டு தகப்பனாக அவர்களை ஆசீர்வதித்தார்.

அம்மா, நீங்கள் போங்கள். முதல் வரிசையில் உட்காருங்கள். எனக்கு அப்படி ஒரு நாள் வந்தால் என் அம்மா வர மாட்டார்.

கொண்டலாம்பட்டி | புதன், காலை 8.00

இதெல்லாம் மேல்நாட்டுக் கலாசாரம். சேலத்துக்கு எதற்கு? கிறிஸ்தவத்தின் பெயரையே கெடுத்துவிடுகிறீர்கள்.

நான்கு ரோடு | புதன், காலை 8.25

மேலே எழுதியிருக்கும் தம்பி சூரமங்கலத்தில் பிறந்தவர். மேல்நாட்டில் அல்ல. இன்னொரு முறை படித்துவிட்டு எழுதுங்கள்.

மட்டுறுத்துநர் | புதன், காலை 9.10

இந்த இழையில் யாருடைய சபை, யாருடைய குடும்பம் என்று ஊகித்து எழுதும் பதிவுகள் நீக்கப்படும். இரண்டு நீக்கப்பட்டுள்ளன. சூரமங்கலம், உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறோம், பாருங்கள்.

காப்பிப்பூ | ஏற்காடு | சனி, இரவு 8.45

ஆறு நாள் பதில் எழுதவில்லை, மன்னிக்கவும். தோட்டத்தில் காப்பி பூத்திருக்கிறது. பூமழை பெய்து எட்டாம் நாள் மலை முழுக்க வெள்ளையாகிவிடும், மல்லிகை போல மணக்கும். இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும். சில்வர் ஓக் நிழலில் நடந்துகொண்டே எல்லாவற்றையும் யோசித்தேன்.

சூரமங்கலத்துத் தம்பி, முதலில் உனக்கு. நான் உன் அம்மாவாக இருந்திருக்கிறேன். ஜெப வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை, ஆனால் இரண்டு வருடம் தொலைபேசியை எடுக்காமல் இருந்தேன். அதுவும் அதேதான். உன் அம்மா ஒருநாள் வருவார் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் உனக்கு ஒரு வீடு இருக்கிறது. பைக்கை வெளியே நிறுத்திவிட்டுப் போகிற வேலை இங்கே கிடையாது, உள்ளே வரவேண்டும்.

இறையியல் மகளே, நீ எழுதியதை அச்செடுத்து வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். கொரிந்தியர் வசனத்தை எடுத்துப் பார்த்தேன். நீ சொன்ன சொல்தான் இருக்கிறது. அறுபது வருடமாகப் படிக்கிற புத்தகம்.

புதன்கிழமை எங்கள் ஆயரைப் போய்ப் பார்த்தேன். சின்ன வயது, நல்ல மனிதர். வாசற்கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "என்னால் ஆராதனையில் பெயர் சொல்லி ஜெபிக்க முடியாது அம்மா, மேலிடத்திலிருந்து கேள்வி வரும்" என்றார். நான் கோபப்படவில்லை. பிறகு, "நீங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெப விண்ணப்பம் சொன்னால் அதை நான் தடுக்க மாட்டேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்த வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும் பாரம்தான்.

வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டத்தில் பதினோரு பேர். என் முறை வந்தபோது எழுந்து, என் மகளின் பெயரையும் அந்தப் பெண்ணின் பெயரையும் சொன்னேன். ஜூன் மாதம் இவர்கள் இருவருக்கும் கோவிலில் திருமணம், ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றேன். சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒருவர் என்னோடு பள்ளியில் ஒன்றாக வேலை பார்த்தவர், அது வலித்தது. மற்றவர்கள் தலைகுனிந்து இருந்தார்கள். கடைசியில், எண்பது வயதான ஒரு பாட்டி, பழைய நாகலூர்த் தோட்டத்தில் காப்பி பறித்தவர், எழுத்துத் தெரியாதவர், இரண்டு பெயரையும் திருத்தமாகச் சொல்லி ஜெபித்தார். வெள்ளைக்காரப் பெயர் வாயில் நுழையாமல் இரண்டு முறை முயன்று மூன்றாம் முறை சரியாகச் சொன்னார். என் மகளின் ஓலை வாசிக்கப்பட்டுவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

இறையியல் மாணவி | பெங்களூர் | சனி, இரவு 9.30

அம்மா, அழுதுகொண்டு எழுதுகிறேன். ஓலை என்றதும் டொரொண்டோ நினைவுக்கு வருகிறது. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில், அரசு உரிமம் இல்லாவிட்டாலும் சபையில் ஓலை வாசித்தால் திருமணம் செல்லும் என்று பழைய சட்டம் இருந்தது. அங்கே மெட்ரோபாலிட்டன் சமூகத் திருச்சபையின் போதகர் பிரென்ட் ஹாக்ஸ் அதையே பிடித்துக்கொண்டார். ஓலை வாசித்து, 2001 ஜனவரி 14 அன்று இரண்டு இணைகளுக்குத் திருமணம் நடத்தினார். மிரட்டல்கள் வந்ததால் அங்கிக்குள் குண்டு துளைக்காத கவசம் அணிந்திருந்தார். அரசு பதிவு செய்ய மறுத்தது. 2003 ஜூனில் நீதிமன்றம் அந்தத் திருமணங்கள் அன்றைக்கே செல்லும் என்றது. அந்த மாகாணத்தில் தன்பாலினத் திருமணத்துக்கு வழி திறந்தது, சபையில் வாசித்த ஓலை.

காப்பிப்பூ | ஏற்காடு | சனி, இரவு 10.05

இன்னும் ஒன்று, பாமாலை ஐயாவுக்கு. என் கல்யாணப் பத்திரிகையில் என் அப்பா அச்சிட்ட வசனம், "நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன், உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்." ரூத் அதை நகோமியிடம் சொன்னாள், மாமியாரிடம். அது திருமணம் அல்ல என்று நீங்கள் சொல்வீர்கள், அது சரிதான். ஆனால் ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பார்த்துச் சொன்ன உடன்படிக்கையைத்தான் நாம் இத்தனை காலமாகக் கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொண்டிருக்கிறோம். என் மகளும் அதையே போட்டிருக்கிறாள். தமிழிலும் ஆங்கிலத்திலும்.

பாமாலை | சேலம் | ஞாயிறு, பிற்பகல் 2.15

சகோதரி, என் மனம் மாறவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய்யாகிவிடும். மாணவி எழுதியதில் ஒன்றிரண்டுக்கு என்னிடம் பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதில் இல்லை என்பதால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடாது.

ஆனால் உங்களை விட்டு எழுந்து போன இருவரில் ஒருவராக நான் இருக்க விரும்பவில்லை. சூரமங்கலத்துத் தம்பி எந்தக் கோவிலுக்கு வெளியே பைக்கை நிறுத்துகிறார் என்று தெரியாது. எங்கள் கோவிலாக இருக்குமோ என்று இன்று காலை பாடும்போது இரண்டு முறை வாசலைப் பார்த்தேன்.

திருமணத் தேதியைச் சொல்லுங்கள். அன்று உங்கள் மகளுக்காக ஜெபிப்பேன். என்னவென்று ஜெபிப்பேன் என்பது கர்த்தருக்கும் எனக்கும் இடையில் இருக்கட்டும்.

காப்பிப்பூ | ஏற்காடு | ஞாயிறு, இரவு 9.20

ஜூன் மாதம் இரண்டாம் சனிக்கிழமை, ஐயா. அவர்கள் ஊரில் காலை பதினொரு மணி, நமக்கு மாலை மூன்றரை.

விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டேன். அஸ்தம்பட்டி ஐயா சொன்னபடி உயிலுக்கும் ஆள் பார்த்தாயிற்று. நாளைக் காலை முதல் பஸ்ஸில் சேலம் இறங்குகிறேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வாங்க வேண்டும், இரண்டு ஜோடி. மகளின் கால் அளவு எனக்குத் தெரியும். மற்றப் பெண்ணின் கால் அளவை நூலில் அளந்து படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை, காத்திருக்கிறேன்.